மலையிறங்கும் வரிப் படிவம்

போனக்காட்டில் வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் வரிப் படிவம் நுழையாத வீடு இங்கே குறைவு. சேமிப்புக்கு வரும் வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க ஒரு படிவம், கூலியில் பிடித்த வரியைத் திருப்பிக் கேட்க ஒரு படிவம், பிஎஃப் பணம் எடுக்கும்போது ஒரு படிவம். வரி கட்ட வேண்டாதவர்கள்தான் ‘எனக்கு வரி இல்லை’ என்று வருஷா வருஷம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. பெயர், முகவரி, பான் எண், வங்கிக் கணக்கு, வருமானம், போன் நம்பர், கையெழுத்து எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கும். முன்பு அந்தத் தாள் பஸ் ஏறிப் போகும். இப்போது போனில் போகிறது. போகிற வழியில் யார் யாரிடம் அதன் நகல் தங்கிவிடுகிறது என்பதுதான் என் கவலை.

நான் பிறந்தது போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அம்மா கொழுந்து கிள்ளினார், அப்பா ஃபாக்டரியில் இருந்தார். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர் வந்தால், செக்போஸ்ட் தாண்டிக் காட்டுப் பாதை ஏறி எங்கள் ஊர். 1868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடந்து ஏறுபவர்கள் இங்கிருந்துதான் கிளம்புவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பாபநாசம். அங்கிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் தேயிலை வேலைக்கு வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நாங்கள். தோட்டம் முடங்கியதும், கூலி பாக்கிக்கும் பிஎஃப், கிராஜுவிட்டிக்கும் தொழிலாளர்கள் பல வருஷம் அலைந்ததும் பத்திரிகைகளில் வந்த சேதிதான். நான் விதுராவில் போட்டோஸ்டாட், ஸ்கேனிங், ஆன்லைன் விண்ணப்பம் செய்து கொடுக்கும் சின்னக் கடை ஒன்றை நடத்துகிறேன். எங்கள் ஊர்க்காரர்களின் படிவங்கள் பெரும்பாலும் என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன.

இப்போது நடக்கிற வழக்கம் இது. வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் 15ஜி படிவத்தை வங்கியில் கேட்பார்கள். பேரனோ பக்கத்து வீட்டுப் பையனோ அதைப் பூர்த்தி செய்து, பாட்டியிடம் கையெழுத்து வாங்கி, தாளைத் திண்ணையில் வைத்து ஒரு போட்டோ எடுப்பான். ரேஞ்ச் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் வாட்ஸாப்பில் எனக்கு அனுப்புவான். “அனுப்பிட்டேன் அக்கா, பார்த்துக்கோங்க.” அதோடு அவன் வேலை முடிந்தது.

அந்த ஒரு போட்டோ இதற்குள் எத்தனை இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பாருங்கள். பையனின் கேலரியில் ஒன்று. அவன் போன் தானாகவே கூகுள் போட்டோஸில் சேமிப்பதாக இருந்தால் அங்கே ஒன்று. வாட்ஸாப் உரையாடலில் ஒன்று. வந்து சேரும் படங்களை வாட்ஸாப் பெரும்பாலான போன்களில் தானாகக் கேலரியில் போட்டுவிடும் என்பதால் வாங்கியவர் போனில் இரண்டு. பிரிண்ட் எடுக்கக் கணினியில் இறக்கினால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இன்னொன்று. வாட்ஸாப்பில் போகும் செய்தியை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மைதான். இரண்டு முனையிலும் கிடக்கிற பிரதிகளை அந்தப் பூட்டு காக்காது.

எனக்குப் பெரியம்மா முறையாகிற ஒருவர், தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளியவர், கடைக்கு வந்திருந்தார். பேரனின் போனில் அவருடைய படிவத்தைத் தேடினோம். அருவிப் படம், கோயில் கொடைப் படம், கூட்டாளியின் கல்யாணப் படம், நடுவில் பெரியம்மாவின் பான் கார்டு, அடுத்து அவர் கையெழுத்துப் போட்ட 15ஜி, அதற்கடுத்து பாஸ்புக்கின் முதல் பக்கம். பெரியம்மா போனை வாங்கி உற்றுப் பார்த்தார். “மக்கா, இத யாரெல்லாம் பாப்பாங்க?” என்று கேட்டார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெரிய ஊர்களில் ஆடிட்டர் வைத்திருப்பவர்களின் தாள்கள் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றன. அந்த மரியாதை பெரியம்மாவின் தாளுக்கும் வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் படிவம் தேவையில்லை என்று தெரிந்துகொள்வதே பெரிய பாதுகாப்பு. அனுப்பாத தாள் யார் கையிலும் சிக்காது. பிஎஃப் பணம் எடுப்பவர்கள் எல்லாரும் 15ஜி கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவர்களின் பிஎஃப் பணத்தில் வரி பிடிப்பதே கிடையாது. ஐந்து வருஷத்துக்குள் எடுத்து, தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால்தான் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் எண் இல்லாவிட்டால் 20. அதிலும், உடம்புக்கு முடியாமலோ, முதலாளி தொழிலையே நிறுத்தியதாலோ வேலை போயிருந்தால் ஐந்து வருஷம் ஆகாவிட்டாலும் பிடித்தம் இல்லை. முடங்கிப்போன தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் இந்த விதியை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

வங்கி வட்டியிலும் அப்படித்தான். 2025 ஏப்ரலிலிருந்து வருஷ வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் வங்கி வரி பிடிக்கும். 60 வயதானவர்களுக்கு அந்த வரம்பு 1 லட்சம். அஞ்சாறாயிரம் வட்டி வருகிற கணக்குக்கு 15ஜி எழுதி, நகலெடுத்து, நாலு பேர் கைமாற்ற வேண்டியதில்லை. வரம்பைத் தாண்டி வட்டி வந்து, மொத்த வருமானத்துக்கு வரியே இல்லையென்றால் அப்போது கொடுக்கலாம். 60 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 15ஜி, அதற்கு மேல் 15எச். பொய்யாக எழுதிக் கொடுத்தால் தண்டனை உண்டு. யாரோ பூர்த்தி செய்ததில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சுவது அதனால்தான். 1961-ஆம் வருஷச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண்களும் படிவ எண்களும் அதோடு மாறுகின்றன. நாங்கள் பழகிய பெயரிலேயே இங்கே சொல்கிறேன்.

சரி, படிவம் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது போய்ச் சேர வேண்டிய வாசல் எது? 15ஜி என்றால் வங்கி. பல வங்கிகளின் சொந்தச் செயலியிலேயே, தாளே இல்லாமல், அதைக் கொடுத்துவிடலாம். ஸ்டேட் வங்கியின் யோனோவில் அந்த வசதி இருக்கிறது. பிஎஃப் என்றால் பிஎஃப் அமைப்பின் உறுப்பினர் தளம். அங்கே ஆன்லைனில் பணம் கேட்கும்போதே 15ஜி-யை பிடிஎஃப்-ஆக ஏற்ற இடம் விட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் இதற்காகத் திருவனந்தபுரம் பட்டத்தில் இருக்கிற பிஎஃப் அலுவலகத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போவார்கள். வரிக் கணக்கு என்றால் வருமான வரித் துறையின் தளம். அது போனிலேயே திறக்கும். இந்த மூன்று வாசலிலும் நீங்கள் நேராகப் போய் நிற்கிறீர்கள். நடுவில் இன்னொருவர் போன் இல்லை, இன்னொருவர் மின்னஞ்சல் இல்லை. பாதுகாப்பு என்று நான் சொல்வதில் முக்கால்வாசி இதுதான்.

ஏற்றுவதற்கு முன் தாளை ஸ்கேன் செய்ய வேண்டும். இதற்காகத் தனியாக எதையும் இறக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் ஏற்கெனவே இருக்கிற கூகுள் டிரைவிலேயே ஸ்கேன் இருக்கிறது, ஐபோனில் நோட்ஸ் செயலியிலேயே இருக்கிறது. தாளைக் கறுப்புத் துணிமேல், ஜன்னல் பக்கம், நிழல் விழாமல் வைத்துக்கொண்டால் ஓரத்தை அதுவே வெட்டிவிடும். எங்கள் ஊரில் மழைக்காலத்தில் பகலே இருட்டிக் கிடக்கும், தாளும் ஈரத்தில் சுருண்டிருக்கும். அப்போது நாலு மூலையிலும் நாணயம் வைத்து அழுத்திக்கொள்வது என் வழக்கம். நாணயம் எழுத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படமாக எடுக்காமல் பிடிஎஃப்-ஆக எடுப்பதில் ஒரு நன்மை, அது கேலரிக்குள் போய் அருவிக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் உட்காராது. ஆனால் டிரைவில் ஒரு பிரதி நிற்கும். படிவம் ஏற்கப்பட்ட பிறகு அதையும் அழித்து, குப்பைத்தொட்டி ஃபோல்டரையும் காலி செய்துவிட வேண்டும்.

ஏன் கண்ட செயலியையும் இறக்காதீர்கள் என்கிறேன் என்றால், நாடு முழுக்கப் பேசப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது. கேம்ஸ்கேனர் என்ற ஸ்கேன் செயலி ஒரு காலத்தில் எங்கள் கடைத்தெரு முழுக்க எல்லார் போனிலும் இருந்தது. 2019 ஆகஸ்ட்டில் கேஸ்பர்ஸ்கை நிறுவன ஆய்வாளர்கள், அதன் ஆண்ட்ராய்டு பதிப்புக்குள் விளம்பரப் பகுதி வழியாகத் தீங்கு செய்யும் நிரல் புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். கூகுள் அதைக் கடையிலிருந்து தூக்கியது, திருத்திய பிறகு மறுபடி சேர்த்தது. 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. கோடிக்கணக்கானவர்கள் நம்பி, பான் கார்டிலிருந்து நிலப் பத்திரம் வரை அதில்தான் ஸ்கேன் செய்திருந்தார்கள். தாளைப் படம் பிடிக்கிற செயலி தாளைப் படிக்கவும் முடியும் என்பதை அப்போதுதான் பலரும் யோசித்தார்கள்.

மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று சில நிறுவனங்கள் பிடிவாதம் பிடிக்கும். அப்போது பிடிஎஃப்-ஐ கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். என் கடைக் கணினியில் லிப்ரே ஆபிஸில் போட்டுப் பூட்டித் தருகிறேன். ஐபோனில் ஃபைல்ஸ் செயலியிலேயே பூட்டலாம். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதினால் பூட்டியதற்கு அர்த்தமில்லை, போன் செய்து வாயால் சொல்லுங்கள். இன்னொன்று: ஆதார் கோப்பின் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும் சேர்ந்தது. வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு, சுருக்கமாக ஏஐஎஸ் என்கிறார்கள், பான் எண்ணும் பிறந்த தேதியும் சேர்ந்தது. பான் கார்டின் நகல் ஒன்று கையில் இருப்பவருக்கு இந்த இரண்டு பூட்டும் பூட்டே அல்ல. ஆகவே அந்த மாதிரியைப் பின்பற்றாமல் வேறு ஏதாவது வையுங்கள். அரசுத் தளங்களில் ஏற்றும்போது மட்டும் பூட்டு வேண்டாம், அங்கே பூட்டிய கோப்பு ஏறாது.

ஆதாரின் நகல் கேட்டால், முதல் எட்டு எண்களை மறைத்துக் கடைசி நாலு மட்டும் காட்டுகிற மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத் தளத்திலேயே கிடைக்கும். 2022 மே 27 அன்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், பொதுக் கணினியில் இறக்காதீர்கள், இறக்கினால் அழித்துவிடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றாலும், என் கடை மாதிரி இடத்துக்கு அது நல்ல புத்திமதி. நாள் முடிந்து ஷட்டர் இறக்குவதற்கு முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைக் காலி செய்வது இப்போது என் கடையில் சட்டம். வாடிக்கையாளர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், வேறு எந்தக் கடைக்குப் போனாலும் எழுந்து வருவதற்கு முன் “என் கோப்பை அழிச்சிடுங்க” என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள் என்று.

இனி ஃபேக்ஸ். போனிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள். ஃபேக்ஸ் செத்துப் போய்விட்டது என்று நாம் நினைத்தாலும் அமெரிக்க வருமான வரித் துறை இன்றும் சில படிவங்களை ஃபேக்ஸில் வாங்குகிறது. அங்கே தொழில் தொடங்குபவர் வரி அடையாள எண் கேட்கும் எஸ்எஸ்-4 படிவமும், தனக்காக இன்னொருவர் பேசலாம் என்று அதிகாரம் கொடுக்கும் 2848 படிவமும் அப்படிப் போகின்றன. 2848-ஐ 2021 முதல் அவர்கள் தளத்திலேயே ஏற்றவும் முடிகிறது.

போனில் டெலிபோன் கம்பி கிடையாது. அப்படியிருக்க ஃபேக்ஸ் எப்படிப் போகிறது? நீங்கள் ஸ்கேன் செய்த தாள் முதலில் இணையம் வழியாக அந்தச் செயலி நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். அது தாளைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக மாற்றும், அங்குலத்துக்கு சுமார் 200 புள்ளி. பிறகு உங்களுக்காக எதிர்முனை எண்ணுக்கு டயல் செய்து, 1980-இல் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ‘குரூப் 3’ முறைப்படி அந்தப் புள்ளிகளை ஒலியாக்கி அனுப்பும். அந்தப் பக்கத்து இயந்திரம் ஒலியைத் திரும்பப் புள்ளியாக்கித் தாளில் அடிக்கும். அலெக்சாண்டர் பெய்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1843-இல், டெலிபோன் வருவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே, காப்புரிமை வாங்கிய யோசனையின் பேரப்பிள்ளை இது.

இந்தப் பாதையில் பலவீனமான இடங்கள் மூன்று. உங்கள் போனுக்கும் சர்வருக்கும் நடுவே மறையாக்கம் இருக்கலாம், ஆனால் சர்வரில் உங்கள் வரிப் படிவத்தின் முழுப் பிரதி இருக்கிறது. இலவசச் செயலி என்றால், அந்தப் பிரதியை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை அவர்களுடைய விதிமுறைப் பக்கத்தில் தேடிப் படிக்காமல் அனுப்பவே கூடாது. சர்வரிலிருந்து எதிர்முனை வரை போகும் பழைய டெலிபோன் பாதையில் மறையாக்கமே இல்லை. கடைசியில் தாள் வந்து விழுவது ஒரு அலுவலகத்தின் பொதுத் தட்டில், அந்தப் பக்கம் போகிறவர் யாரும் எடுத்துப் பார்க்கலாம். 2018 ஆகஸ்ட்டில் செக்பாயின்ட் நிறுவன ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். ஃபேக்ஸ் எண் மட்டும் தெரிந்தால் போதும், தீங்கான ஒரு ஃபேக்ஸை அனுப்பி எச்பி பிரிண்டருக்குள் நுழைந்து, அங்கிருந்து அலுவலக வலைப்பின்னலுக்குள்ளேயே போகலாம் என்று செய்து காட்டினார்கள். எச்பி அதற்குத் திருத்தம் வெளியிட்டது.

ஆகவே ஃபேக்ஸ் தவிர வேறு வழியே இல்லையென்றால், பணம் கட்டிய சேவையாக, அனுப்பியதும் பிரதியை அழிக்க வழி இருப்பதாக, இரட்டைச் சரிபார்ப்பு உள்ளதாகப் பாருங்கள். மேல்தாளில் வரி எண்ணை எழுதாதீர்கள். எண்ணை அந்தத் துறையின் தளத்திலிருந்து மட்டும் எடுத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்து அடியுங்கள். ஒரு இலக்கம் பிசகினால் உங்கள் வருமானக் கணக்கு முன்பின் தெரியாதவர் மேசையில் விழும்.

நம் நாட்டு வருமான வரித் துறைக்கு இந்தத் தலைவலி இல்லை. கணக்கை ஆன்லைனில் போட்டபின் ஆதார் ஓடிபி மூலமோ வங்கி மூலமோ 30 நாளுக்குள் சரிபார்த்துவிட வேண்டும், முன்பு 120 நாள் அவகாசம் இருந்தது. முடியாதவர்கள் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு, பெங்களூருவில் இருக்கும் மையப்படுத்திய செயலாக்க மையத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பலாம். ஃபேக்ஸ் எண் என்று யாராவது ஒன்றைக் கொடுத்து, ரீஃபண்டுக்குப் படிவத்தை இதற்கு அனுப்புங்கள் என்று சொன்னால் அது மோசடி. துறையிலிருந்து வந்ததாகச் சொல்லும் கடிதம் எதுவானாலும், 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு அதில் ஒரு ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் துறையின் தளத்தில் போட்டால், நிஜமா பொய்யா என்று உள்நுழையாமலேயே தெரியும்.

அனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது காஷ்மீர் கதையை. 2018 நவம்பர் 21 அன்று மெஹபூபா முஃப்தி ஆட்சி அமைக்க உரிமை கோரும் கடிதத்தை ஃபேக்ஸில் அனுப்பப் பார்த்தார். ஆளுநர் மாளிகை இயந்திரத்துக்கு அது போகவில்லை. மீலாது நபி விடுமுறை, அலுவலகத்தில் ஆளில்லை என்று ஆளுநர் சத்யபால் மாலிக் பிறகு விளக்கம் சொன்னார். அன்றைக்கே சட்டமன்றம் கலைக்கப்பட்டது. ஒரு மாநிலத்தின் முன்னாள் முதல்வருக்கே அப்படியென்றால், எங்கள் லயத்துப் பெரியம்மாவின் தாளுக்கு யார் பொறுப்பு? எனவே ஒப்புகை வாங்காமல் விடாதீர்கள். வரிக் கணக்குக்கு 15 இலக்க ஒப்புகை எண் வரும். பிஎஃப் விண்ணப்பத்துக்கும் வங்கிச் செயலிக்கும் குறிப்பு எண் வரும். தாளாகக் கொடுத்தால் நகலில் முத்திரை கேளுங்கள். அந்த எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், படிவத்தின் படத்தைப் போனில் வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

இவ்வளவு செய்தும் எங்கள் ஊர்க்காரர்களின் விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெயரால். பான் எண்ணில் எழுத்தும் இலக்கமுமாகப் பத்து இடம். நாலாவது எழுத்து தனிநபர் என்றால் ‘பி’. ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதல் எழுத்து. குடும்பப் பெயர் இல்லாத எங்களுக்கு அந்த இடத்தில் அப்பா பெயர் போய் உட்காரும், சில நேரம் சொந்தப் பெயரே உட்காரும். ரேஷன் கார்டில் மலையாளத்தில் எழுதிய பெயர் ஆங்கிலத்துக்கு மாறும்போது ஒரு மாதிரி, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பழைய ரிஜிஸ்டரில் எழுதியது ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி. மாடத்தி, மாடத்தியம்மாள், மாடத்தி முருகன் என்று ஒரே பெண் மூன்று பேராக இருக்கிறார். விண்ணப்பம் தள்ளுபடியாகும் ஒவ்வொரு முறையும் படிவங்களும் ஆதார் நகலும் மறுபடி ஒருமுறை நாலு இடத்துக்குப் போகின்றன. பெயர் சரியில்லாததே பாதுகாப்புக் குறைவு என்று நான் சொல்வது இதைத்தான். முதலில் ஆதாரில் பெயரைச் சரி செய்யுங்கள், பிறகு பானை அதற்குப் பொருத்துங்கள், அதன் பிறகு பிஎஃப். இந்த வரிசையில் போனால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

இளசுகள் கதை வேறு. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் செக்யூரிட்டி, டிரைவர், ஹவுஸ்கீப்பிங் என்று ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள் பலர். சிலரை ஒப்பந்தக்காரராகவே கணக்கில் காட்டி, கூலியில் 1 சதவீதம் வரி பிடித்துவிடுவார்கள். வரி கட்ட வேண்டாத வருமானம் என்றால் கணக்குப் போட்டு அதை முழுதாகத் திரும்ப வாங்கலாம். பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் ஏஜென்ட்டிடம் போகிறார்கள். அவர் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொள்வார், ஓடிபியையும் கேட்பார், பிடித்ததைவிட அதிகமாகவே வாங்கித் தருகிறேன் என்பார். அந்த ‘அதிகம்’ எப்படி வருகிறது என்றால், கொடுக்காத நன்கொடையையும் இல்லாத காப்பீட்டையும் கணக்கில் எழுதுவதால். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை இப்படிப்பட்டவர்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150-க்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை நடத்தியது. நோட்டீஸ் வரும்போது ஏஜென்ட் இருக்கமாட்டார், பான் எண்ணுக்குச் சொந்தக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். ஓடிபி என்பது உங்கள் கையெழுத்து. அதை வாயால் சொல்லாதீர்கள், உங்கள் விரலால் அடியுங்கள். என் கடையிலும் ஓடிபியை நான் கேட்பதில்லை, விசைப்பலகையை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவேன்.

எங்கள் பையன்களில் சிலர் யூடியூபிலும் இருக்கிறார்கள். போனக்காட்டுப் பழைய பங்களாவில் பேய் இருக்கிறது என்ற கதைக்கு வெளியூரில் நல்ல கூட்டம் உண்டு. அந்த வீடியோக்களை அமெரிக்காவில் இருப்பவர்களும் பார்ப்பதால், 2021 முதல் கூகுள் அமெரிக்க வரிப் படிவம் கேட்கிறது. டபிள்யூ-8பென் என்று பெயர். அதைக் கொடுத்து, பான் எண்ணையும் சேர்த்தால், இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அமெரிக்கப் பார்வையாளர்கள் மூலம் வந்த பணத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டால் உலகம் முழுக்க வந்த மொத்தப் பணத்திலும் 24 சதவீதம் வரை போகலாம். இதைக் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்குக்குள்ளேயே போனில் பூர்த்தி செய்துவிடலாம். யாருக்கும் மின்னஞ்சலோ ஃபேக்ஸோ வேண்டாம். ‘உங்கள் டபிள்யூ-8பென் காலாவதி ஆகிறது, இந்த இணைப்பில் புதுப்பியுங்கள்’ என்று வரும் மின்னஞ்சலைத் தொடாமல், நேராகக் கணக்குக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று பையன்களிடம் சொல்லியிருக்கிறேன்.

தாள் ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். பணம் போயிருந்தால் நேரத்தைக் கடத்தாமல் 1930-க்குப் போன் செய்யுங்கள், சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். பணம் போகாவிட்டாலும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, வரித் துறைத் தளத்தில் உங்கள் ஏஐஎஸ். நீங்கள் பார்க்காத வேலையின் சம்பளமோ, உங்களுடையதல்லாத கணக்கின் வட்டியோ அதில் இருந்தால், உங்கள் பான் எண்ணை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள். அதிலேயே மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கிறது. இரண்டாவது, கடன் அறிக்கை. சிபில் உள்ளிட்ட நாலு கடன் தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

அப்படிப் பார்த்தபோது எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் அறிக்கையில் அவன் வாங்காத ஒரு சின்னக் கடன் இருந்தது. ஏதோ செயலி வழியாக, அவன் பான் எண்ணில் யாரோ எடுத்தது. அவனுடைய தாள் எந்த வழியாகப் போனது என்று உட்கார்ந்து யோசித்தோம். வேலைக்குச் சேர, சிம் வாங்க, பைக் கடனுக்கு, ரீஃபண்டுக்கு என்று அவன் வாட்ஸாப்பில் அனுப்பிய இடங்களின் பட்டியல் ஒரு பக்கம் நீண்டது. கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அறிக்கை தந்த நிறுவனத்துக்கும் புகார் எழுதினோம். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருப்பதையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்து எழுதினோம். புகாரின் குறிப்பு எண் அவன் நோட்டில் இருக்கிறது. கெடு இன்னும் முடியவில்லை.